முதலில் யார் போவது? 1914இல் ஒரு விடுதிப் பள்ளியும் மூன்று நண்பர்களும்

1914 ஆகஸ்டில் இங்கிலாந்து போரில் இறங்கியபோது அங்கே கட்டாய ராணுவச் சேவை கிடையாது. அதற்கான சட்டம் 1916 ஜனவரியில்தான் நிறைவேறியது. அதுவரை ஏறக்குறைய ஒன்றரை வருடம் போருக்குப் போன எல்லோரும் தாங்களாகவே பெயர் கொடுத்துப் போனவர்கள்தான்.

அப்படி முதலில் முண்டியடித்தவர்களில் ஒரு பெரிய பங்கு, போகாமல் இருக்க எல்லா வசதியும் உள்ள பையன்கள். ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ இடம் கிடைத்தாயிற்று. வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. வயது பதினெட்டு, பத்தொன்பது. கண் பார்வை போதாது என்று ஓரிடத்தில் திருப்பி அனுப்பினால் வேறோர் இடத்தில் போய் நின்றார்கள். கூடப் படித்தவன் பிரான்சுக்குக் கப்பல் ஏறிவிட்டான், நாம் இன்னும் பயிற்சி முகாமில் கிடக்கிறோமே என்று புழுங்கினார்கள்.

முதல் உலகப் போர் பற்றிய நாவலோ படமோ பார்க்கிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் குழப்பம் வரும். இவர்களுக்கு என்ன அவசரம்? தேசபக்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் தேசபக்தி எல்லாருக்கும் பொது. இந்தப் பையன்களுக்கு மட்டும் இருந்த அவசரம் வேறு வகை. அது அவர்கள் 13 வயதிலிருந்து வாழ்ந்த விடுதிப் பள்ளியில் உருவானது.

பள்ளியின் அமைப்பு

இங்கிலாந்தின் பப்ளிக் ஸ்கூல் என்பது அரசுப் பள்ளி அல்ல, கட்டணம் மிகுந்த தனியார் விடுதிப் பள்ளி. ஈட்டன், ஹாரோ, ரக்பி எல்லாம் இந்த வகை. நாம் பார்க்கப்போவது ரட்லண்ட் என்ற சின்னஞ்சிறு மாவட்டத்தில் இருக்கும் அப்பிங்கம். 1584இல் தொடங்கியது என்றாலும் அதற்குப் பெயர் வந்தது எட்வர்ட் திரிங் தலைமையாசிரியராக இருந்த 1853–1887 காலத்தில். உடற்பயிற்சிக் கூடம், இசை, தச்சு வேலை என்று பிற பள்ளிகள் அலட்சியம் செய்த விஷயங்களுக்கு அவர் இடம் கொடுத்தார்.

இப்படிப்பட்ட பள்ளியில் பையனின் உண்மையான ஊர் அவனுடைய ஹவுஸ்தான். நம்மூர்ப் பள்ளிகளில் விளையாட்டு விழா வந்தால் சிவப்பு ஹவுஸ், பச்சை ஹவுஸ் என்று பிரித்து ஓடவிடுகிறார்களே, அதன் பூர்வீகம் இதுதான். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, டூன் பள்ளி போன்றவை வழியாக இங்கே இறங்கியது. இங்கே அது வருடத்தில் ஒரு நாள் கட்டும் ரிப்பன். அங்கே அது தனிக் கட்டிடம். அதற்குள் சுமார் நாற்பது, ஐம்பது பையன்கள் சாப்பிட்டு, தூங்கி, அடி வாங்கி, ஐந்து வருடம் சேர்ந்தே வளர்ந்தார்கள். வீடு என்பது விடுமுறைக்குப் போகிற இடம்.

அந்த ஐந்து வருடமும் பையன் ஏறவேண்டிய ஏணி ஒன்று இருந்தது. அதன் படிகள்:

1. புதிதாக வந்தவன் பெரிய பையன்களுக்கு எடுபிடி. டீ போட வேண்டும், பூட்ஸ் துடைக்க வேண்டும், கணப்பு மூட்ட வேண்டும். இதற்கு ஃபேகிங் என்று பெயர். இதில் அவமானம் எதுவும் இல்லை என்று நம்ப வைத்ததுதான் அந்த முறையின் சாமர்த்தியம். இன்று நீ துடைக்கிறாய், நாளை உனக்கு ஒருவன் துடைப்பான்.

2. விளையாட்டில் தேறினால் ‘கலர்ஸ்’. குறிப்பிட்ட தொப்பி, டை அணியும் உரிமை. பல பள்ளிகளில் கால்சட்டைப் பையில் கைவிட்டு நடப்பதுகூட இந்த மாதிரி சம்பாதிக்க வேண்டிய உரிமைதான்.

3. அதற்கு மேல் பிரீஃபெக்ட், அதாவது மாணவத் தலைவன். சின்னப் பையன்களைப் பிரம்பால் அடிக்கும் அதிகாரம் ஆசிரியருக்கு மட்டுமல்ல, இவனுக்கும் உண்டு. 17 வயதில் ஐம்பது பேரை ஆளப் பழகுகிறான்.

4. கடைசியில் பரிசளிப்பு விழா. பெற்றோர் கூடியிருக்க, யார் எத்தனை பரிசு வாங்கினான் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

நட்பும் இதே ஏணியில்தான் நடந்தது. வேறு ஹவுஸ் பையனோடும், வயது வித்தியாசம் உள்ளவனோடும் நெருங்கிப் பழகுவதைப் பல பள்ளிகள் சந்தேகத்தோடு பார்த்தன, சிலவற்றில் தடையே இருந்தது. அதனால் நண்பன் என்பவன் பெரும்பாலும் அதே வயது, அதே படியில் நிற்கிறவன். அப்படியானால் அவனே போட்டியாளனும். நண்பனை முந்துவது துரோகம் ஆகாது. அவனுக்குப் பின்தங்கிப்போவதுதான் வெட்கம், ஏனென்றால் பின்தங்கியவன் மெல்ல மெல்ல அவனுடைய வட்டத்திலிருந்தே கழன்றுவிடுவான். கூடவே ஓடினால்தான் நட்பு நிற்கும்.

ஏணியில் ராணுவம் நுழைந்தது

தென்னாப்பிரிக்காவில் நடந்த 1899–1902 போயர் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அதிகாரிகள் போதவில்லை. அந்தப் பாடத்தை வைத்து, போர் அமைச்சர் ஹால்டேன் 1908இல் ஓ.டி.சி. என்ற அதிகாரிகள் பயிற்சிப் படையை உருவாக்கினார். பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பிரிவு, பள்ளிகளுக்கு ஒரு பிரிவு. வாரந்தோறும் அணிவகுப்பு, கோடையில் முகாம், தேர்வில் தேறினால் ‘ஏ’ சான்றிதழ். நம் என்.சி.சி.யை நினைத்துக்கொள்ளலாம், ஒரு பெரிய வேறுபாட்டோடு: இங்கே சான்றிதழ் வேலைவாய்ப்பில் சில மதிப்பெண் தரும், அங்கே அது நேராக அதிகாரி பதவிக்குக் கதவு.

அப்பிங்கம் இதில் முன்கூட்டியே இறங்கியிருந்தது. திரிங்குக்கு அடுத்து வந்த தலைமையாசிரியர் செல்வின், துப்பாக்கி சுடும் சோதனையில் தேறாதவன் ஹவுஸ்களுக்கு இடையிலான போட்டிகளில் கலந்துகொள்ளவோ பள்ளிப் பரிசு வாங்கவோ முடியாது என்று விதி வைத்தார். கவிதை எழுதினாலும் சரி, கிரிக்கெட் ஆடினாலும் சரி, முதலில் சுடத் தெரிய வேண்டும். ராணுவப் பயிற்சி பாடத்திட்டத்தின் ஓரத்தில் ஒட்டவைத்த சமாசாரமாக இருக்கவில்லை. மற்ற எல்லாப் படிக்கும் அது முதல் படி.

எல்லாப் பையன்களும் இதை விழுங்கிவிட்டார்கள் என்றும் இல்லை. பின்னாளில் போர் ஓவியராகப் புகழ்பெற்ற நெவின்சன் இதே பள்ளியில் படித்தவர். அந்த வருடங்களை அவர் கடைசிவரை வெறுப்போடுதான் நினைவுகூர்ந்தார். முள்கம்பிக்கு முன்னால் செத்துக் கிடக்கும் இரண்டு சிப்பாய்களை அவர் 1917இல் வரைந்த ஓவியத்தைக் காட்சிக்கு வைக்க ராணுவத் தணிக்கை அனுமதிக்கவில்லை.

போர் தொடங்கிய ஆகஸ்டிலேயே போர் அலுவலகம் 2,000 இளநிலை அதிகாரிகள் தேவை என்று அறிவித்தது. எதிர்பார்த்தது திருமணமாகாத, நல்ல பொதுக்கல்வி பெற்ற இளைஞர்களை. நல்ல பொதுக்கல்வி என்றால் என்ன அர்த்தம் என்பது நடைமுறையில் தெரிந்தது. ஆர்.சி. ஷெரிஃப் என்ற 18 வயதுப் பையன் போய் நின்றபோது, எந்தப் பள்ளி என்று கேட்டார்கள். கிங்ஸ்டன் கிராமர் ஸ்கூல் என்றார். நல்ல பழைய பள்ளிதான், ஆனால் அதிகாரியின் கையிலிருந்த பட்டியலில் அது இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிகாரிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபிறகு அவரையும் எடுத்துக்கொண்டார்கள், பிற்பாடு அந்தப் போரைப் பற்றிய பெயர்பெற்ற நாடகத்தை எழுதியவரும் அவரே. பட்டியலில் இருந்த பள்ளிகளுக்கு இந்தத் தடை இல்லை. 1914 ஆகஸ்ட் முதல் 1915 மார்ச் வரை ஓ.டி.சி. பயிற்சி பெற்றவர்களில் 20,577 பேர் அதிகாரிகள் ஆனார்கள்.

அப்பிங்கமின் மூவர்

இந்த ஏணி ஒரு நட்புக்குள் எப்படி வேலை செய்தது என்பதைப் பார்க்க மூன்று பையன்கள் போதும். ரோலண்ட் லேட்டன், எட்வர்ட் பிரிட்டன் (நாட்டின் பெயர்போல ஒலித்தாலும் இது குடும்பப் பெயர்), விக்டர் ரிச்சர்ட்சன். மூவரும் 1895இல் பிறந்தவர்கள். ரோலண்டின் பெற்றோர் இருவரும் தொழில்முறை எழுத்தாளர்கள், அம்மா எழுதிய தொடர்கதைகளுக்கு வாசகர்கள் ஏராளம். எட்வர்டின் அப்பாவுக்குக் காகித ஆலை. விக்டரின் அப்பா பல் மருத்துவர். மூவரையும் ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ (டூமாவின் நாவலில் வரும் இணைபிரியாத வீரர்கள்) என்று பெயர் வைத்து அழைத்தவர் ரோலண்டின் அம்மா. எட்வர்டின் அக்கா வேரா வைத்திருந்த நாட்குறிப்பும், இவர்களின் கடிதங்களும், 1933இல் வெளியான வேராவின் நினைவு நூலும் இருப்பதால்தான் இந்த நட்பைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது.

1914 ஜூலையில் பரிசளிப்பு விழா. ரோலண்ட் ஏழு பரிசுகள் வாங்கினான். ஆங்கிலக் கட்டுரை, லத்தீன் உரைநடை, கிரேக்க உரைநடை, லத்தீன் செய்யுள், கிரேக்கச் செய்யுள் என்று பட்டியல் நீள்கிறது. அவனே பள்ளிப் பத்திரிகையின் ஆசிரியர், ஓ.டி.சி.யில் கலர் சார்ஜன்ட். எட்வர்டுக்கு உயிர் வயலின்தான், படிப்பில் ரோலண்டின் உயரம் இல்லை. விக்டர் அதிகம் பேசாதவன், மற்ற இருவரும் மனம்விட்டுப் பேச ஒதுங்குகிற இடம் அவன். மூவருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி: ரோலண்டும் எட்வர்டும் ஆக்ஸ்ஃபோர்டு, விக்டர் மருத்துவம் படிக்கக் கேம்பிரிட்ஜ்.

அன்று தலைமையாசிரியர் பேசியதில் வேராவின் மனதில் தங்கிய வாக்கியத்தின் சாரம்: நாட்டுக்குப் பயன்படாதவன் செத்துப்போவதே மேல். கூட்டம் அதைக் கேட்டு அதிரவில்லை. போர் மூளும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பரிசளிப்பு விழாவில் வழக்கமாகச் சொல்கிற வாசகம் அது. நாலு வாரத்துக்குள் அது நேரடி உத்தரவாகிவிட்டது.

பிறகு நடந்ததை வரிசையாகப் பார்த்தால் பள்ளி ஏணி அப்படியே தொடர்வது தெரியும்.

*முதல் படி, கமிஷன், அதாவது அதிகாரி நியமனம்.* எட்வர்டின் அப்பா அனுமதி தர மறுத்தார். வீட்டில் பெரிய சண்டை. வேரா அன்று நாட்குறிப்பில் எழுதிய வாதம் கவனிக்கத்தக்கது. அப்பா பப்ளிக் ஸ்கூலில் படித்தவர் அல்ல, அதனால் மற்றவர்கள் போகும்போது தான் மட்டும் பத்திரமாக இருப்பது எட்வர்டுக்கு எவ்வளவு முடியாத காரியம் என்று அவருக்குப் புரியாது என்பதுதான் அது. தம்பியைப் போருக்கு அனுப்பு என்று வாதாடியவர் பின்னாளில் இங்கிலாந்தின் முக்கியமான போர் எதிர்ப்பாளர்களில் ஒருவர் ஆனார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். ரோலண்டுக்குக் கண் பார்வைதான் பிரச்சினை. ஒரு தடவை தள்ளுபடி ஆனபிறகும் விடாமல் அலைந்து அக்டோபரில் நார்ஃபோக் படைப்பிரிவில் சேர்ந்துவிட்டான். விக்டர் சசெக்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தான்.

*இரண்டாம் படி, போர்முனை.* சீருடை கிடைத்தால் போதாது, பிரான்சுக்குப் போயாக வேண்டும். தன் படைப்பிரிவு இப்போதைக்கு நகராது என்று தெரிந்ததும் ரோலண்ட், கிளம்பத் தயாராக இருந்த வூஸ்டர்ஷயர் படைப்பிரிவுக்கு மாற்றல் வாங்கி, 1915 மார்ச் கடைசியில் கப்பல் ஏறினான். பள்ளியில் முதலாவதாக வந்தவன் இங்கேயும் முதல். விக்டருக்கு மூளைக்காய்ச்சல் வந்து உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். எட்வர்டின் கதைதான் எனக்கு இதில் மிகவும் சங்கடமானது. 1915 ஆகஸ்டில் அவனுடைய பட்டாலியன் பிரான்சுக்குப் புறப்பட்டபோது அவனை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். பட்டாலியன் தோழர்கள் ஏறிவிட்ட படியில் கால் வைக்க அவன் 1916 பிப்ரவரி வரை காத்திருந்தான்.

அதற்குள் முதல் ஆள் இல்லை. 1915 டிசம்பர் 22 இரவு, எபுடெர்ன் என்ற இடத்தில் பதுங்குகுழிக்கு முன்னால் இருந்த முள்கம்பி வேலியைப் பார்க்கப் போனான் ரோலண்ட். நல்ல நிலா வெளிச்சம். மறைந்திருந்து சுட்ட குண்டு வயிற்றில் பாய்ந்தது, மறுநாள் இறந்தான். கிறிஸ்துமஸ் விடுப்பில் வருவான் என்று வேரா காத்திருந்தார், அப்போது இருவருக்கும் நிச்சயமாகியிருந்தது.

போர்முனையைத் தேடி ஓடிய இதே ரோலண்ட், அந்த செப்டம்பரிலேயே வேறு ஆளாகியிருந்தான். பழைய ஜெர்மானியப் பதுங்குகுழி ஒன்றைச் சீர்செய்தபோது மண்ணுக்குள்ளிருந்து கருத்துப்போன எலும்புகளும் கந்தல் சீருடையும் வெளிவந்ததைப் பார்த்துவிட்டு, போரைப் பொன்னான, புகழ்மிக்க விஷயம் என்று நினைக்கிறவன் வந்து இதைப் பார்க்கட்டும் என்று வேராவுக்கு எழுதினான். ஆனால் அது ஒரு தனிக் கடிதம். ஏணியில் கீழே நின்றவர்களின் கண்ணுக்கு அவன் மேலே போய்விட்டவன், அவ்வளவுதான்.

*மூன்றாம் படி, பதக்கம்.* இங்கே வரிசை தலைகீழானது. 1916 ஜூலை 1, பிரான்சில் சோம் சண்டையின் முதல் நாள். பள்ளியில் பின்வரிசையில் நின்ற எட்வர்ட், கையிலும் தொடையிலும் காயம் பட்டும் தன் ஆட்களை நடத்த முயன்றதற்காக மிலிட்டரி கிராஸ் வாங்கினான். காயத்தோடு அவன் வந்து சேர்ந்தது லண்டன் கேம்பர்வெல் மருத்துவமனையில், அங்கே வேராவே தாதி. விக்டர் 1917 ஏப்ரல் 9 அன்று அராஸில் தலையில் குண்டு பட்டு இரண்டு கண்ணும் போய், ஜூன் 9 அன்று லண்டன் மருத்துவமனையில் இறந்தான். எட்வர்ட் 1918 ஜூன் 15 அன்று இத்தாலியின் ஆசியாகோ பீடபூமியில் ஆஸ்திரியத் தாக்குதலில் இறந்தான். மூவரில் ஒருவரும் 23 வயதைத் தொடவில்லை.

பேசப்படாத பக்கம்

எட்வர்டின் முடிவில் இன்னொரு விஷயம் உண்டு. அவனுடைய கடிதம் ஒன்று ராணுவத் தணிக்கையில் சிக்கியது, அதிலிருந்து ஆண்களோடு அவனுக்கு இருந்த உறவு தெரியவந்தது. அன்றைய சட்டத்தில் அது குற்றம். ராணுவ விசாரணை வரப்போகிறது என்ற நிலையில், கடிதங்கள் படிக்கப்படுகின்றன என்று தளபதி அவனிடம் சாடையாகச் சொன்னார். சில நாட்களுக்குள் அந்தச் சண்டை. தளபதியின் குறிப்புகள் வழியாக இது பரவலாகத் தெரியவந்தது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு.

இதை ஏன் இங்கே சொல்ல வேண்டும் என்றால், இந்தப் பள்ளிகள் பையன்களை ஐந்து வருடம் ஒருவரோடு ஒருவர் மட்டுமே வாழவைத்தன, அந்த நெருக்கத்தைத் ‘தோழமை’ என்று மேடையில் புகழ்ந்தன, அது கொஞ்சம் எல்லை மீறியதாகத் தெரிந்தால் பையனை வெளியேற்றின. ஷெர்போர்ன் பள்ளியிலிருந்து அப்படி அனுப்பப்பட்ட அலெக் வா என்பவர், தன் பதினேழு வயதில் அந்த வாழ்க்கையை நாவலாக எழுதினார், 1917இல் அது வெளியானது. பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் அவர் பெயரை நீக்கியது. நண்பனுக்காகச் சாவதைப் போற்றிய அதே பள்ளிகளுக்கு, நண்பனோடு எப்படி வாழ்ந்தான் என்ற பேச்சு வேண்டாததாக இருந்தது.

கணக்கு

போருக்குப் போன பிரிட்டிஷ் ராணுவத்தினரில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் இறந்தார். பப்ளிக் ஸ்கூல் பையன்களில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஈட்டனிலிருந்து போன 5,600க்கும் மேற்பட்டவர்களில் 1,157 பேர் திரும்பவில்லை. அப்பிங்கம் இழந்தது சுமார் 450 பேரை.

ஏழைச் சிப்பாயை முன்னால் தள்ளிவிட்டுப் பணக்கார அதிகாரி பின்னால் இருந்தார் என்ற பொதுவான எண்ணம் உயர் தளபதிகளைப் பொறுத்தவரை சரியாக இருக்கலாம், இளநிலை அதிகாரிகளுக்குப் பொருந்தாது. பள்ளியிலிருந்து நேராக வந்தவன் செகண்ட் லெப்டினன்ட், அதிகாரிகளில் அடிப்படி. அவன் கையில் சுமார் ஐம்பது பேர் கொண்ட பிளாட்டூன், கிட்டத்தட்ட ஒரு ஹவுஸ் அளவு. தாக்குதல் என்றால் பதுங்குகுழியிலிருந்து முதலில் ஏறுகிறவன் அவன். இரவில் வேலியைப் பார்க்கப் போகிறவனும் அவன். சின்னவர்களுக்கு முன்னால் நின்று காட்டு என்று பிரீஃபெக்டுக்குச் சொல்லிக்கொடுத்ததை அங்கே அப்படியே செய்தான்.

பள்ளியில் மீந்தவர்கள்

1914இல் 13, 14 வயதாக இருந்தவர்கள் வேறு வகையில் மாட்டிக்கொண்டார்கள். நேற்று வரை யாருக்கு டீ போட்டார்களோ அவர்களின் பெயர் பள்ளித் தேவாலயத்தில் இறந்தோர் பட்டியலில் வாசிக்கப்பட்டது. பெரியவர்கள் அவசரமாகப் போய்விட்டதால் மேல்படிகள் சீக்கிரம் காலியாயின, பிரீஃபெக்ட் பதவி சின்ன வயதிலேயே வந்தது. ஆனால் இவர்கள் எதை ஜெயித்தாலும் அதை ஒப்பிட ஓர் அண்ணன் இருந்தான், அவனை முந்த வழியே இல்லை. உயிரோடிருக்கும் நண்பனை என்றாவது எட்டிப் பிடிக்கலாம்.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1903இல் பிறந்து 1917இல் ஈட்டனில் சேர்ந்தவர். போர் முடிந்த காலத்தில் அணிவகுப்பில் மெத்தனமாக நிற்பதும் போரில் அக்கறை இல்லாததுபோல் காட்டிக்கொள்வதும்தான் பையன்களிடையே புத்திசாலித்தனத்தின் அடையாளமாக இருந்தது என்று 1940இல் எழுதினார். ஆனால் வருடங்கள் போகப்போக, அந்தப் போரைத் தவறவிட்டதால் தாங்கள் ஒரு மாற்றுக் குறைந்த ஆண்கள் என்ற உணர்வு தன் தலைமுறைக்கு வந்துவிட்டது என்கிறார். 1936இல் தொடங்கிய ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தன் வயதுக்காரர்களை அப்படி ஈர்த்ததற்கு, அது முதல் உலகப் போர்போலவே இருந்தது ஒரு காரணம் என்பதும் அவர் கணிப்பு. அவரே அங்கே போய்ப் பதுங்குகுழியில் நின்றார், 1937 மே மாதம் கழுத்தில் குண்டும் வாங்கினார்.